நீங்கள் கேட்டவர்களில் சிறந்த விளையாட்டு வர்ணனையாளர் யார், ஏன்?

அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் வின் ஸ்கல்லி என்பேன். பேஸ்பால் விதிகள் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட என்னையும் பழைய ஒலிப்பதிவுகளின் முன் மணிக்கணக்கில் உட்கார வைத்தவர் அவர்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1927-இல் பிறந்தார். சிறுவயதில் வீட்டிலிருந்த பெரிய வானொலிப் பெட்டியின் அடியில் படுத்துக்கொண்டு, கூட்டத்தின் ஆரவாரம் தன்மேல் கொட்டுவதை ரசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1950-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் வர்ணனைக் குழுவில், ரெட் பார்பர் என்ற மூத்தவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1958-இல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தபோது உடன் சென்று, 2016 வரை மொத்தம் 67 பருவங்கள் அந்த ஓர் அணிக்கே பேசினார்.

லாஸ் ஏஞ்சலஸில் முதல் சில ஆண்டுகள் ஆட்டம் நடந்த கொலீசியம், பேஸ்பாலுக்காகக் கட்டப்பட்டதன்று. பல இருக்கைகளிலிருந்து ஆட்டக்காரர்கள் எறும்புகளாகத் தெரிந்ததால், மக்கள் டிரான்சிஸ்டரோடு வந்து, எதிரில் நடப்பதையே அவர் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1960-இல் ஒருநாள், நடுவர் ஃபிராங்க் செகோரிக்குப் பிறந்தநாள் என்று வானொலியில் சொன்ன ஸ்கல்லி, மூன்று எண்ணியதும் வாழ்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்ள, அரங்கமே ஒரே குரலில் கத்தியது.

எனக்கு மிகவும் பிடித்தது 1965 செப்டம்பர் 9 இரவின் ஒலிப்பதிவு. டாட்ஜர்ஸ் அணியின் பந்து வீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸ், சிகாகோ கப்ஸ் அணியினர் பந்தை அடிக்க வந்த 27 முறையும், ஒருவர்கூட முதல் தளத்தைத் தொடாதபடி வெளியேற்றிய ஆட்டம் அது. கடைசிச் சுற்றில் ஸ்கல்லி, கோஃபாக்ஸ் தொப்பியைச் சரிசெய்வதையும் நெற்றியைத் துடைப்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நடுநடுவே தேதியையும் கடிகார நேரத்தையும் சொல்கிறார். கோஃபாக்ஸ் பின்னாளில் அந்தப் பதிவைக் கேட்கும்போது அது எந்த நாள், எந்த நேரம் என்பது அதிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. இரவு 9:46 என்று அவர் கடைசியாகச் சொல்லும்போது, வேறெந்த உரத்த குரலிலும் கிடைக்காத படபடப்பு எனக்கு வருகிறது.

தொலைக்காட்சியில் அவர் வேறு மனிதர். 1988 உலகத் தொடரின் (பேஸ்பால் பருவத்தின் இறுதிப் போட்டித் தொடர்) முதல் ஆட்டத்தில், இரண்டு கால்களும் அடிபட்டிருந்த டாட்ஜர்ஸ் வீரர் கிர்க் கிப்சன் கடைசி நேரத்தில் நொண்டியபடி வந்து வெற்றி அடியை அடித்தபோது, பந்து போய்விட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் மேலாக வாயே திறக்கவில்லை. படம் பேசும்போது வர்ணனையாளர் எதற்கு? இன்று பலருக்கு இந்த அடக்கம் வருவதில்லை என்பது என் மனக்குறை.

சம்பளம் தந்த அணிக்கு அவர் சார்பாகப் பேசியிருப்பாரே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு என் பதில் இது: 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில், எதிரணியின் ஹாங்க் ஆரன் தன் 715-ஆவது ஹோம் ரன்னை (பந்தை ஆடுகளத்துக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து, பழம்பெரும் ஆட்டக்காரர் பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தார். பந்து வீசியவர் டாட்ஜர்ஸ் அணியின் அல் டவுனிங். ஸ்கல்லி கூட்டத்தின் ஆரவாரத்தை நெடுநேரம் அப்படியே ஒலிக்கவிட்டார். பிறகு பேசியபோது, தெற்கு மாநிலம் ஒன்றில் ஒரு கறுப்பினத்தவருக்காக மக்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்பதைத்தான் எடுத்துச் சொன்னார். ஓட்டம் கொடுத்தது தன் அணி என்ற வருத்தம் அந்தக் குரலில் துளியும் இல்லை.