மல்வர்மா தண்ணி

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 20 வயசு, ஊர் குடியாத்தம் பக்கம், வேலூர்ல காலேஜ் ஃபைனல் இயர். லாக்டவுன்ல போன நோண்டிகினு இருந்தப்ப எஸ்பெரான்டோன்னு, எல்லா நாட்டுக்காரங்களும் பொதுவா பேசிக்கறதுக்காக உருவாக்கின மொழிய கத்துக்க ஆரம்பிச்சேன், விளையாட்டா ஆரம்பிச்சது இப்ப ஓரளவுக்கு படிக்க எழுத வருது. இந்த வருஷம் ஐரோப்பால நடக்கற எஸ்பெரான்டோ இளைஞர் கேம்புக்கு போறேன், ஒரு வாரம். டிக்கெட்டுக்கு மாமா காசு குடுத்துட்டாரு, அம்மா அழுதுட்டு ஒத்துகினாங்க. இப்ப என் பயமே வேற. அங்க போயி யார்கூட பேசறது? காலேஜ்லயே எனக்கு ரெண்டே ஃப்ரெண்டுதான். இங்கிலீஷும் தடுமாறும். எல்லாரும் கூட்டம் கூட்டமா சிரிச்சிகினு இருப்பாங்க, நான் மட்டும் செல்லை பாத்துகினு ஓரமா நிக்கப்போறேன்னு கனவே வருது. நீங்க 2016ல இதே மாதிரி கேம்புக்கு போலந்து போனத பத்தி ஒரு தடவ சொல்லியிருந்தீங்க. எப்படி ஃப்ரெண்ட் புடிச்சீங்க? பேர் போடாதீங்க அக்கா.

-----

அன்புள்ள தங்கச்சிக்கு,

மொதல்ல அந்த ஓரமா நிக்கற கனவு. அது கனவு இல்ல, நடக்கும். எனக்கு மொத ரெண்டு நாளும் அதான் நடந்துச்சு, வ்ரோட்ஸ்வாஃப்ல. ஊரு பேரையே சரியா சொல்ல வராம டிரெய்ன்ல பக்கத்துல ஒக்காந்திருந்த பாட்டிகிட்ட டிக்கெட்ட காட்டி காட்டி போய் சேந்தேன்.

அந்த ரெண்டு நாள் இன்னா பண்ணேன்னு சொல்றேன் கேளு. கேம்புல ஒரு கொல்கத்தா பையன் இருந்தான். நான் வேலூர்னு சொன்னதும் மூஞ்சி மலந்துடுச்சி, அவங்க அம்மாவ சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு கூட்டியாந்து தோட்டப்பாளையத்துல லாட்ஜ் போட்டு ஒரு மாசம் இருந்திருக்கான், காட்பாடி ஸ்டேஷன் டீக்கட வரைக்கும் தெரியுது, "கொஞ்சம்", "எவ்ளோ", "அப்பறம் வா" மூணு வார்த்த தமிழ் வேற. அப்படியே ஒட்டிகினோம். போலந்துல ஒக்காந்து ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல காந்தி ரோடு டிராஃபிக் பத்தி பேசிகினு இருந்தோம், இதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்.

மூணாம் நாள் காலைல கஞ்சி மாதிரி எதையோ ஊத்திகினு இருந்தப்ப பின்னாடி இருந்து ஒருத்தி சிரிச்சிகினே கத்தினா, கய்மான், கய்மான்னு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்பறம்தான் தெரிஞ்சது. எஸ்பெரான்டோ பேசவேண்டிய எடத்துல சொந்த பாஷை பேசினா அதுக்கு குரோகோதீலி, அதாவது முதல வேலை பாக்கறதுன்னு பேரு. எதிர்ல இருக்கறவனுக்கு தாய்மொழியா இல்லாத உன் மொழிய அவன்கிட்ட பேசினா அலிகாதோரி. ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத மூணாவது மொழில பேசினா கய்மானி, அதுவும் ஒரு ஜாதி முதலதான். நாங்க ரெண்டு பேரும் இங்கிலீஷ் பேசினது இந்த மூணாவது. சின்ன வயசுல கோட்ட அகழில முதல இருக்குது எட்டிப்பாக்காதன்னு எங்க ஆயா பயமுறுத்தும், அந்த முதல அங்க போயி என்ன புடிச்சிகிச்சு.

அதனால முதல்ல சொல்றது, இந்தியாக்காரங்கள பாத்தா ஒரு வணக்கம் போடு, சாப்ட்டியான்னு கேளு, அப்பறம் நவுந்துடு. கெட்டவங்கன்னு இல்ல. சொகமா இருக்கும், அதான் பிரச்சன.

இங்கிலீஷ் தடுமாறும்னு எழுதியிருக்க. அங்க அதுக்கு வேலையே இல்ல, அதுக்குத்தானே இந்த மொழியே. இந்த மொழிய செஞ்ச ஸாமென்ஹாஃப் பொறந்து வளந்த பியாலிஸ்டோக்குன்ற ஊர்ல போலிஷ், ரஷ்யன், ஜெர்மன், யூதருங்க பேசற யித்திஷ்னு ஆளுக்கொரு பாஷை, ஒருத்தனுக்கொருத்தன் ஆகாது. அத பாத்து வளந்த மனுஷன், தொழில் கண் டாக்டரு, 1887ல இந்த மொழிய புஸ்தகமா போட்டாரு. யாருக்கும் சொந்தமில்லாத மொழின்னா யாரும் யாரையும் கேலி பண்ண முடியாதுன்னு கணக்கு. வீட்லயே எஸ்பெரான்டோ பேசி வளந்தவங்க கொஞ்சம் பேரு வருவாங்க, கடகடன்னு பேசுவாங்க, அவங்கள பாத்து மெரளாத. மத்த எல்லாருக்கும் நாக்கு ஒன்ன மாதிரிதான் முடிச்சு போடும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எனக்கு ஃப்ரெண்ட் கெடச்சது ஒரு போர்வையால.

ஜூலை மாசம், அவங்களுக்கு வெயில்காலம், அதனால நம்ம சத்துவாச்சாரி புத்தியோட ஒரே ஒரு துப்பட்டாவ எடுத்துகினு போயிட்டேன். ராத்திரி பல்லு கிடுகிடுன்னுது. மூணாம் நாள் ராத்திரி தாங்கமுடியாம பக்கத்து ரூம் கதவ தட்னேன். போர்வைக்கு வார்த்த தெரியல, லிட்கோவ்ரீலோன்னு இப்ப தெரியும், அப்ப தெரியல. கிராந்தா நோக்தா வெஸ்தோ வேணும்னு கேட்டேன், பெரிய ராத்திரி டிரஸ் வேணும்னு அர்த்தம். உள்ள நாலு பேரு இருந்தாங்க, ஒரு நிமிஷம் அமைதி, அப்பறம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. காலைல கய்மான்னு கத்தினவளும் அதுல ஒருத்தி, ஸ்லோவாக்கியாக்காரி. அவ தன் ஸ்லீப்பிங் பேக்க குடுத்துட்டு தான் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுகினு படுத்தா. அடுத்த நாள் கேம்பு பூரா எனக்கு பேரு பெரிய ராத்திரி டிரஸ். யாரும் என்கிட்ட அறிமுகமே பண்ணிக்கல, நேரா வந்து ஒக்காந்தாங்க.

அதுக்கு முன்னாடி ரெண்டு நாளும் நான் எதுவும் கேக்காம இருந்தேன் தெரியுமா? தப்பா பேசிட கூடாதுன்னு. யாருக்கும் தொந்தரவா இருக்க கூடாதுன்னு நம்மள வளத்துட்டாங்க, அந்த நல்ல பழக்கத்த அந்த ஒரு வாரத்துக்கு காட்பாடி ஸ்டேஷன்லயே வெச்சிட்டு போ. நம்ம ஆட்டோக்காரங்க, மருந்துக்கட பசங்க பெங்காலி பேசறாங்களே, எந்த கிளாஸ்ல படிச்சாங்க? அவனுக்கு இவன் வேணும், இவனுக்கு அவன் வேணும், மொழி தானா வந்து ஒக்காந்துச்சு. நீயும் போயி கேளு, நகவெட்டி கேளு, பிளக் அடாப்டர் கேளு, பஸ்ஸுக்கு வழி கேளு, தெரிஞ்சாலும் கேளு.

ஊறுகா எடுத்துகினு போ, குடுத்தா ஃப்ரெண்ட் ஆயிடுவாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் எடுத்துகினு போனேன். ஒரு ஹங்கேரிக்காரன் ஒரு ஸ்பூன் அப்படியே வாயில போட்டுட்டு, மிச்ச நாளெல்லாம் என்ன பாத்தா அந்தப்பக்கமா போயிட்டான். அது ஒனக்கு, அந்த உருளைக்கெழங்க மூணு வேளையும் திங்க.

சாயங்காலம் டான்சு, பீரு எல்லாம் இருக்கும், புடிக்கலன்னா போவாத, யாரும் கேக்கமாட்டாங்க. குஃபூயோ எங்கன்னு விசாரி. குஃபோன்னா ஆந்தை. லைட்ட கம்மி பண்ணி, டீ வெச்சி, கத்தாம ஒக்காந்து ராத்திரி பூரா பேசற எடம். காலேஜ்ல ரெண்டே ஃப்ரெண்டு வெச்சிருக்கற ஆளுங்க எல்லாம் அங்கதான் இருப்பாங்க.

கட்டிப்புடிக்க வருவாங்க. சங்கடமா இருந்தா வணக்கம் போடு, புரிஞ்சிக்குவாங்க. அப்பறம் நீ, நீங்க ரெண்டுத்துக்கும் அங்க ஒரே வார்த்த, வீ. வயசுல பெரியவர கூட வீன்னுதான் கூப்புடணும், எனக்கு மொதல்ல அடி வாங்கப்போறோம்னே தோணுச்சு.

கடைசி நாள் எல்லாரும் அழுவாங்க, நாப்பது நம்பர் வாங்கிகினு வருவ, ஆறு மாசத்துல முப்பத்தஞ்சு சத்தம் போடாது. எனக்கு மிஞ்சினது ரெண்டு. அந்த கொல்கத்தா பையன், அவங்க அம்மா செக்கப்புக்கு வரப்பல்லாம் எங்க வீட்ல ஒரு வேள சாப்பாடு. இன்னொருத்தி அந்த ஸ்லோவாக்கியாக்காரி. எஸ்பெரான்டோக்காரங்க ஒருத்தர் வீட்ல ஒருத்தர் காசில்லாம தங்கறதுக்கு பஸ்போர்தா ஸெர்வோன்னு ஒரு ஏற்பாடு 1974ல இருந்து இருக்குது, அதுல என் பேர குடுத்திருந்தேன். மவராசி கத்திரி வெயில்ல வந்து எறங்கினா.

இந்த மொழில எதிர்ப்பதத்துக்கு பெரும்பாலும் தனி வார்த்த கெடையாது, முன்னாடி மல் போட்டா போதும். வர்மான்னா சூடு, மல்வர்மான்னா சில்லுனு, அதாவது சூடில்லாதது. வேலூருக்காரங்களுக்கு இத விட பொருத்தமா யாரும் மொழி செஞ்சி குடுக்க முடியாது. நாலு நாளும் அவ எங்கம்மாவ சுத்தி சுத்தி வந்து மல்வர்மா, மல்வர்மான்னு தண்ணி கேட்டுகினே இருந்தா. இப்பவும் அம்மா ஃப்ரிட்ஜ் பாட்டில் எடுக்கறப்ப அப்பாவ கேக்கறது, "உனுக்கு பான தண்ணியா, மல்வர்மாவா?"