68 டிபி (டெராபைட்) போட்டும் 13-லேயே எச்சரிக்கை ஏன்?

கேள்வி: தலா நான்கு டிஸ்க் ஸ்லாட் உள்ள மூன்று சர்வர்களில் செஃப் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக்கும் மென்பொருள்) ஓடுகிறது. இரண்டில் தலா நான்கு 4 டிபி டிஸ்க். புதிதாகச் சேர்த்த மூன்றாவதில் மூன்று 12 டிபி டிஸ்க். ஒவ்வொரு தரவுக்கும் மூன்று பிரதி வைத்தாலும் 22 டிபியாவது கிடைக்க வேண்டாமா? 13-லேயே 'நியர்ஃபுல்' (கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது) என்கிறது. தரவைச் சமமாகப் பரப்பும் பேலன்சரை ஓட்டியும் பயனில்லை.

பதில்: பேலன்சரால் இதைத் தீர்க்க முடியாது. ஒரு சர்வரில் ஒரு பிரதிதான் என்பது செஃப்பின் வழக்கமான விதி. உங்களிடம் இருப்பது மூன்றே சர்வர். ஆகவே எல்லாத் தரவும் எல்லாவற்றிலும் இருந்தாக வேண்டும். சிறிய சர்வரின் 16 டிபிதான் உச்சவரம்பு. ஏதாவது ஒரு டிஸ்க் 85 சதவீதத்தைத் தொட்டாலே எச்சரிக்கை வரும். 95-இல் எழுதுவதே நின்றுவிடும். புதிய சர்வரில் 20 டிபி சும்மா கிடக்கிறது.

பிரதி விதியை 'ஒரு டிஸ்க்கில் ஒரு பிரதி' என்று இறக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். மூன்று பிரதியும் அந்தப் பெரிய சர்வரிலேயே விழ இடமுண்டு. அது படுத்தால் தரவும் படுத்துவிடும்.

டிஸ்க்குகளைக் கலந்து போடுங்கள். சர்வருக்கு ஒரு 12, மீதி எட்டு 4-களை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்தால் 24, 24, 20 ஆகும். இன்னொரு 4 டிபி வாங்கிக் காலி ஸ்லாட்டில் போட்டால் மூன்றும் 24.

மாற்றும் முன் 'நோஅவுட்' (நின்ற டிஸ்க்கைக் கணக்கிலிருந்து விலக்காதே), 'நோபேக்ஃபில்' (தரவை இடம் மாற்றாதே) கொடிகள் இரண்டையும் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய சர்வரில் ஒரு டிஸ்க்கை உருவியதும், மிச்சமுள்ள 12 டிபிக்குள் 13-ஐத் திணிக்கப் பார்க்கும். பழைய சர்வரின் ஒரு 4 டிபியின் ஓஎஸ்டியை (ஒரு டிஸ்க்கை நிர்வகிக்கும் செஃப் சேவை) நிறுத்தி, டிஸ்க்கைப் புதிய சர்வரின் காலி ஸ்லாட்டுக்கு மாற்றி, அங்கே 'ஆக்டிவேட்' செய்யுங்கள். அது 'அப்' ஆன (இயங்கத் தொடங்கிய) பிறகே ஒரு 12 டிபியை அதே முறையில் பழைய சர்வரில் காலியான ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள்; இரு சர்வர்களில் ஒரே நேரத்தில் டிஸ்க் இறங்கினால் சில பிஜிக்களுக்கு (செஃப் தரவைப் பிரித்து வைக்கும் தொகுப்புகள்) ஒரே பிரதி மிஞ்சும், எழுத்தும் வாசிப்பும் உறைந்துவிடும். 12-உம் 'அப்' ஆனதும் கொடிகளை எடுங்கள். எல்லா பிஜியும் 'ஆக்டிவ் கிளீன்' (எல்லாப் பிரதியும் சரியாக உள்ள நிலை) ஆன பிறகே அடுத்த சர்வர். ஓஎஸ்டியின் டேட்டாபேஸ் (DB), எழுத்துப் பதிவேடு (WAL) பகுதிகளைத் தனி எஸ்எஸ்டியில் வைத்திருந்தால் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் ஓஎஸ்டி எழும்பாது.

12 டிபிக்கு மூன்று மடங்கு தரவு சேரும், மூன்று மடங்கு வேலையும் வரும். சுழலும் வேகமோ அதேதான். அதன் 'பிரைமரி அஃபினிட்டி'யை (வாசிப்பைக் கையாளும் முதன்மைப் பிரதியாகத் தேர்வாகும் வாய்ப்பு) 0.5 ஆக்கினால் வாசிப்புகளில் ஒரு பங்கு சிறிய டிஸ்க்குகளுக்குப் போகும்.

இப்படிக் கலவையான கிளஸ்டருக்கு (சர்வர் கூட்டத்துக்கு) ஆவணம் உயிர். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் தரும் 'எஸ்டிபி' (sdb), 'எஸ்டிசி' (sdc) என்ற பெயர்களை எழுதி வைக்காதீர்கள். ரீபூட்டில் அவை இடம் மாறலாம். ஓஎஸ்டி எண், டிஸ்க்கின் சீரியல் எண், சர்வர், ஸ்லாட் நான்கையும் ஒரே வரியில் எழுதுங்கள். 'செஃப் டிவைஸ் எல்எஸ்' கட்டளை சீரியலையும் ஓஎஸ்டியையும் சேர்த்தே காட்டும். ஸ்லாட்டை மட்டும் நேரில் பார்த்துக் குறித்து, சீரியலின் கடைசி நான்கு எழுத்தை டிரேயின் முகப்பில் ஒட்டிவிடுங்கள்.