வீடு கட்டும் முன் மண் பரிசோதனை அவசியமா?

பக்கத்து வீட்டு அஸ்திவாரம் எவ்வளவு ஆழமோ அதே ஆழம் நமக்கும் போதாதா, மண் பரிசோதனைக்கு எதற்குத் தனிச் செலவு என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஒரே தெருவில்கூட ஒரு மனை கெட்டித் தரையாகவும் அடுத்தது மூடிய பழைய குளமாகவும் இருக்கலாம்.

பரிசோதனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மனையில் துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலைச் சுமார் 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, ஒரு குழாயை மண்ணுக்குள் 45 செ.மீ. இறக்குவார்கள். கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை சுத்தியல் அடி தேவைப்பட்டது என்பதுதான் கணக்கு. அடி குறைந்தால் மண் தளர்வு. நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

களிமண் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சில வகைக் களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டின் ஒரு மூலை மட்டும் ஏறி இறங்கினால் சுவர் விரிசல் விடும். அப்புறம் எத்தனை முறை பூசினாலும் நிற்காது.

சரி, எப்போது செய்வது? எத்தனை மாடி என்று முடிவான பிறகு, அஸ்திவாரத்தை வடிவமைக்கும் முன். பின்னாளில் இன்னொரு மாடி எழுப்பும் எண்ணமிருந்தால், பொறியாளரிடம் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.