நீதிபதி ஒரு காலத்தில் எதிராளியின் வக்கீலாக இருந்திருந்தால்?

கேள்வி: எங்கள் தாத்தா சொத்தில் பாகம் கேட்டு, சித்தப்பா மேல் வழக்குப் போட்டிருக்கிறேன். கூடுதல் மாவட்ட நீதிமன்றத்தில் நாலு வருஷமாக நடக்கிறது. சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை. மூன்று மாதம் முன்பு புதிய நீதிபதி வந்தார். அவர் மதுரையில் வக்கீலாக இருந்தபோது, சித்தப்பாவின் அரிசி ஆலை சம்பந்தப்பட்ட ஒரு ரிட் மனுவில் (உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) சித்தப்பாவுக்காக ஆஜரானவர் என்று போன வாரம்தான் தெரிந்தது. சித்தப்பாவின் இப்போதைய வக்கீலும் அவரும் சட்டக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்களாம். நான் போட்ட இடைக்கால மனு ஒன்றைத் தள்ளுபடி செய்துவிட்டார். வாய்தா கேட்ட என் வக்கீலிடம் எரிந்து விழுந்தார். நீதிபதியை மாற்றக் கேட்கலாமா? கேட்டால் நீதிமன்ற அவமதிப்பு ஆகிவிடுமா? என் வக்கீல் "எதுக்குப் பகைச்சுக்கணும், விடுங்க" என்கிறார்.
— வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: கேட்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நாலு காரணங்களில் ஒன்றுதான் தேறும். மற்ற மூன்றையும் மனுவில் சேர்த்தால் தேறுகிற ஒன்றும் கெட்டுப்போகும்.

தேறாதவற்றை முதலில் தள்ளிவிடுவோம். இடைக்கால மனு தள்ளுபடியானது தவறு என்றால் அதற்கு மேல்முறையீடோ சீராய்வோ இருக்கிறது. பாதகமான உத்தரவையே பாரபட்சத்துக்குச் சாட்சியாகக் காட்ட முடியாது. அப்படி முடிந்தால் தோற்கிறவர் ஒவ்வொருவரும் நீதிபதியை மாற்றிக்கொண்டே இருப்பார். எரிந்து விழுந்தது? நாலு வருஷ வழக்கில் வாய்தா கேட்டால் சாதுவான நீதிபதிகூட எரிந்துதான் விழுவார். கல்லூரிப் பழக்கமும் நிற்காது. அதை ஒரு காரணமாக எடுத்துக்கொண்டால் எங்கள் தொழிலில் யாரும் யார் முன்னாலும் ஆஜராக முடியாது. சொந்தம் என்றால் கதை வேறு. அப்பா, பிள்ளை, அண்ணன், தம்பி, மாமனார், மருமகன் என்று நீளும் நெருங்கிய உறவினர் நீதிபதியாக இருக்கும் நீதிமன்றத்தில் ஒரு வக்கீல் ஆஜராகவே கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதி சொல்கிறது. நண்பர்களுக்கு அப்படி ஒரு தடை இல்லை.

மிஞ்சுவது அரிசி ஆலை வழக்கு. இதுதான் உங்கள் கையில் இருக்கும் சரக்கு.

தனக்குச் சொந்த நலன் இருக்கும் வழக்கை நீதிபதி விசாரிக்கக் கூடாது, மேல் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1873-ஆம் ஆண்டின் நம் மாநில உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டமே சொல்கிறது. ஆனால் பழைய கட்சிக்காரரின் வழக்கு "சொந்த நலன்" என்ற வார்த்தைக்குள் நேரடியாக வராது. அங்கேதான் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் கை கொடுக்கின்றன. 1957-இல் மானக் லால் வழக்கு. ராஜஸ்தானைச் சேர்ந்த மானக் லால் ஒரு வக்கீல். அவர் மேல் பிரேம் சந்த் என்பவர் தொழில் ஒழுங்கீனப் புகார் கொடுத்தார். அதை விசாரித்த குழுவின் தலைவர், முன்பு ஒரு வழக்கில் பிரேம் சந்துக்காக வக்காலத்து போட்டு ஒரு நாள் வாதாடியவர். அந்தத் தலைவருக்கு அது ஞாபகம்கூட இருந்திருக்காது என்று உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் அவர் அந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்றது. முப்பது வருஷம் கழித்து, 1987-இல் ரஞ்சித் தாக்கூர் என்ற ராணுவ வீரரின் வழக்கிலும் அதே போக்கு. தான் யார் மேல் புகார் எழுதினாரோ அந்த அதிகாரியே தன்னை விசாரிக்க உட்கார்ந்தார் என்பது அவர் குறை. "நான் பாரபட்சம் காட்டுகிறேனா" என்று நீதிபதி தன் மனசைக் கேட்டுக்கொண்டால் போதாது, எதிரே நிற்பவர் மனசில் என்ன படும் என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்காக எந்தச் சந்தேகமும் செல்லும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிதானமான ஒரு ஆளுக்கு வரக்கூடிய சந்தேகமாக இருக்க வேண்டும்.

மானக் லால் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. உங்களுக்கு முக்கியமானது அதுதான். அவர் வழக்கில் தோற்றார்! தலைவருக்குப் பழைய தொடர்பு இருந்தது தெரிந்தும் விசாரணையின்போது வாய் திறக்கவில்லை, முடிவு பாதகமாக வந்த பிறகு உயர் நீதிமன்றத்தில்தான் கிளப்பினார், ஆகவே ஆட்சேபிக்கும் உரிமையை அவரே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று தீர்ப்பு. "பார்ப்போம், ஒருவேளை நமக்குச் சாதகமாகவே தீர்ப்பு சொல்வார்" என்று காத்திருப்பது இந்த விஷயத்தில் தற்கொலைக்குச் சமம். உங்களுக்குத் தெரிந்தது போன வாரம். அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள், மனுவில் அது வர வேண்டும்.

அடுத்து ஆதாரம். யாரோ சொன்னார்கள் என்று மனுப் போட முடியாது. உயர் நீதிமன்ற இணையதளத்தில் சித்தப்பாவின் பெயரை வைத்துத் தேடினால் பழைய ரிட் மனு கிடைக்க வாய்ப்புண்டு. உத்தரவின் தொடக்கத்தில் யாருக்காக யார் ஆஜரானார் என்று பெயர் இருக்கும். மதுரைக் கிளையில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதில் நீங்கள் கட்சிக்காரர் இல்லாததால், எதற்குத் தேவை என்று பிரமாண வாக்குமூலத்தோடு கேட்க வேண்டியிருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: பெரிய ஆபீஸ் வக்காலத்தில் ஜூனியர்கள் எல்லோர் பெயரையும் வரிசையாக எழுதிவிடுவார்கள். நான் ஜூனியராக இருந்த காலத்தில் முகம்கூடப் பார்க்காத கட்சிக்காரர்களுக்கு எத்தனையோ வக்காலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த நீதிபதியும் அப்படி ஒரு ஓரத்துப் பெயர் மட்டும்தான் என்றால் உங்கள் வாதம் மெலிந்துவிடும். அவரே வாதாடியிருந்தால் கனம் கூடும்.

நகல் கைக்கு வந்ததும் நேரே மாற்றல் மனுவுக்கு ஓட வேண்டியதில்லை. உங்கள் வக்கீல் ஒரு மெமோ தாக்கல் செய்து, "இந்த ரிட் மனுவில் தாங்கள் பிரதிவாதிக்காக ஆஜராகியிருப்பதாகத் தெரிகிறது, தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று பணிவாகச் சொல்லட்டும். பழைய கட்சிக்காரர் என்று தெரிந்ததும் மாவட்ட முதன்மை நீதிபதிக்குத் தாமே எழுதி, வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொன்ன நீதிபதிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் இது சங்கடம்தான்.

அது நடக்காவிட்டால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. மாவட்ட முதன்மை நீதிபதியிடம் மனுப் போடலாம், உயர் நீதிமன்றத்திலும் போடலாம். கூடுதல் மாவட்ட நீதிமன்றம் இந்தப் பிரிவின் நோக்கத்துக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழ்ப்பட்டதாகவே கருதப்படும், எனவே அதிகாரம் பற்றிய தகராறு வராது. சித்தப்பாவுக்கு நோட்டீஸ் போகும். சம்பந்தப்பட்ட நீதிபதியிடமும் பெரும்பாலும் குறிப்புரை கேட்பார்கள். அவர் படிக்கப்போகிற மனு என்பதை மனசில் வைத்து எழுதச் சொல்லுங்கள். "பாரபட்சமாக நடக்கிறார்" என்று எழுதாதீர்கள். ரிட் மனு எண், வருஷம், அவர் ஆஜரான விவரம், உங்களுக்குத் தெரியவந்த தேதி, அதனால் மனதில் எழுந்த நியாயமான அச்சம். இவ்வளவு போதும்.

மனுப் போட்டுவிட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். மாற்றல் மனு நிலுவையில் இருப்பதாலேயே வழக்கு நின்றுவிடாது. தனியாகத் தடையுத்தரவு வாங்க வேண்டும், அதுவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆஜராக வேண்டும். ஒரு நாள் தவறினால் வழக்கே தள்ளுபடியாகிவிடும். மாற்றல் கிடைத்தால் நாலு வருஷமும் வீண் என்ற பயம் வேண்டாம். விட்ட இடத்திலிருந்தே அடுத்த நீதிமன்றம் தொடரலாம்.

சரி, அவமதிப்பு விஷயம். கீழமை நீதிமன்ற நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்திடமோ மற்றொரு கீழமை நீதிமன்றத்திடமோ சொல்வது அவமதிப்பு ஆகாது என்று 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவே பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு மனுவுக்குத்தான், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு இல்லை. உங்கள் வக்கீலின் தயக்கத்தையும் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். நாக்பூர் உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றில், நீதிபதிகள் மேல் அவதூறு எழுதிய மாற்றல் மனுவில் உண்மையைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்ட வக்கீல்களும் அவமதிப்புக்குப் பொறுப்பு என்று 1950-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவில் ஆவணத்தைத் தாண்டி ஒரு வரியும் இருக்காது என்று சொல்லிப் பாருங்கள், அவர் மனம் மாறலாம். அப்போதும் ஒப்பவில்லை என்றால், மாற்றல் மனுவுக்கு மட்டும் வேறு வக்கீலை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: குற்ற வழக்கு என்றால், அதே அமர்வுக் கோட்டத்துக்குள் (ஒரு அமர்வு நீதிமன்றத்தின் எல்லைக்குள்) மாற்றக் கேட்பவர்கள் முதலில் அமர்வு நீதிபதியிடம்தான் போக வேண்டும், அங்கே மறுத்த பிறகே உயர் நீதிமன்றம். உயர் நீதிமன்ற நீதிபதியையே விலகச் சொல்வதானால் அந்தக் கோரிக்கையை முடிவுசெய்வது பெரும்பாலும் அதே நீதிபதிதான். 2021-இல் நந்திகிராம் தேர்தல் வழக்கில் மம்தா பானர்ஜி அப்படிக் கேட்டபோது, கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி கௌசிக் சந்தா வழக்கிலிருந்து விலகினார், கேட்ட விதத்துக்காக 5 லட்சம் ரூபாய் அபராதமும் போட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த அரிசி ஆலை நிற்கும் இடம் தாத்தா சொத்தில் சேர்ந்ததா? அதன் சர்வே எண் உங்கள் பிராதின் சொத்து விவரத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், அந்த ரிட் மனுவில் ஆலை தன் சொந்தச் சம்பாத்தியம் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறாரா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால், ஒரு காலத்தில் தான் ஒரு தரப்புக்காக எடுத்துச் சொன்ன கதையையே இப்போது அந்த நீதிபதி தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலை. மாற்றல் மனுவின் முதல் பத்தியில் வர வேண்டியது அதுதான், பழைய கட்சிக்காரர் என்ற பேச்சு அதற்குப் பிறகு.