தன்வரலாறுகளை ஏன் விரும்பி வாசிக்கிறார்கள்? திருநெல்வேலிக்காரர்கள் எதில் தொடங்கலாம்?

உத்வேகம் கிடைக்கும் என்பார்கள். அதற்கு வாட்ஸ்அப்பில் வரும் பத்து வரியே போதுமே, தண்டி தண்டியான புத்தகம் எதற்கு? வேறெங்கும் அகப்படாத சில்லறை விவரத்துக்காகத்தான் தன்வரலாறு வாசிக்கிறோம்.

வ.உ.சி. என்றால் நம்ம பக்கம் எந்த மேடையிலும் செக்கு வந்துவிடும். அவரே அகவலில் எழுதிய சுயசரிதையைத் திறந்தால், கோவைச் சிறையில் செக்குக்கு முன்னால் ஒரு சணல் கிழிக்கும் எந்திரம் இருக்கிறது. அதைச் சுற்றிக் கைத்தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. ஜெயிலர் பார்க்கிறான், பிறகுதான் மாட்டுக்குப் பதிலாக வெயிலில் செக்குத் தள்ள அனுப்புகிறான். அவன் அன்புதான் என்னே என்று ஒரு குத்தும் வைக்கிறார் பிள்ளை. மேடைப் பேச்சில் இந்தக் குத்து வராது.

உ.வே.சா. பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்தார் என்பதைப் பாடப்புத்தகமே சொல்லிவிடும். ஏட்டுக்காக ஆழ்வார்திருநகரியில் அலைந்து, கிடைக்காமல் சோர்ந்திருந்த இரவில், தெருவில் நிலா வெளிச்சத்திலேயே சுவடியைப் பிரித்து ‘முல்லைப்பாட்டு’ என்ற பெயரைக் கண்டதை ‘என் சரித்திர’த்தில்தான் வாசிக்க முடியும்.

அதற்காக எழுதியதெல்லாம் அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: சம்பவம் நடந்தது, எழுதியது, அச்சானது. உ.வே.சா. பிறந்தது 1855, ஆனந்த விகடனில் தொடராக எழுத ஆரம்பித்தது 1940. ஐம்பது வருஷத்துக்கு முந்திய உரையாடல் சொல்லுக்குச் சொல் நினைவிருக்காது. அதை மேற்கோளாகக் காட்டாதீர்கள். ஊர்ப்பெயர், போன வழி, யார் வீட்டில் சாப்பாடு என்பதையெல்லாம் ஓரளவு நம்பலாம். ‘நான் ஏன் அப்படிச் செய்தேன்’ என்ற இடம் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கதை எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். உ.வே.சா. 122 அத்தியாயம் எழுதியும் அவருடைய நாற்பதுகளோடு கதை நின்றுவிடுகிறது, 1942இல் அவர் காலமாகிவிட்டதால். வ.உ.சி.யின் சுயசரிதை அச்சானதோ 1946இல், அவர் இறந்து பத்து வருஷம் கழித்து.

எழுதும் வயதும் சூட்டை மாற்றும். தன் வாழ்க்கையைப் பாட்டாகச் சொல்லும் ‘கனவு’ எழுதியபோது பாரதிக்கு முப்பதுகூட ஆகவில்லை. நெல்லையில் படித்த இங்கிலீஷ் படிப்பைப் பற்றி, அப்பாவுக்கு ஆயிரம் செலவு, எனக்குத் தீது பல்லாயிரம் என்று கணக்கே போடுகிறார். எண்பத்தைந்தில் எழுதியிருந்தால் இந்தக் கோபம் இருந்திருக்குமா, தெரியாது.

நிறையப் பேர் முதல் நாற்பது பக்கத்திலேயே மூடிவைத்துவிடுகிறார்கள். காரணம் வம்சாவளி: பாட்டன், பூட்டன், பூர்வீக ஊர். தாராளமாகத் தாண்டுங்கள். ஆள் முதன்முதலாக வீட்டைவிட்டுக் கிளம்பும் இடத்தில் ஆரம்பித்து, பிடித்துப்போனால் திரும்பி வரலாம்.

முதலில் ‘கனவு’, ஒரே உட்காரலில் முடியும். அடுத்து வ.உ.சி. அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண்ணால் மட்டும் ஓட்டினால் சீர் பிரியாமல் நாலாம் பக்கத்திலேயே அலுத்துவிடும். ‘என் சரித்திரம்’ பெரிசு, ஆனால் வாராவாரம் வந்த தொடர் என்பதால் அத்தியாயங்கள் சின்னச் சின்னதுதான். ராத்திரிக்கு இரண்டு என்று வைத்தால் இரண்டு மாதம்.