செஸ்ஸில் மகளிர் பட்டங்கள் தரம் குறைந்தவையா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கரூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆண்டு ஒரு மாதப் பட்டியலில், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் அவளுடைய ரேட்டிங் (ஆட்டத் திறன் புள்ளி) 2014ஐத் தொட்டது. இப்போது 1938க்கு இறங்கிவிட்டது. மகளிர் கேண்டிடேட் மாஸ்டர் பட்டத்துக்கு இனி விண்ணப்பிக்க முடியுமா? மகளிர் பட்டங்களே தரம் குறைந்தவை, நேராக இன்டர்நேஷனல் மாஸ்டருக்குப் போகலாம் என்கிறார் பயிற்சியாளர். பெண்களுக்கான போட்டிகளுக்கு மட்டும் அனுப்பினால் போதும், பரிசும் கிடைக்கும், பாதுகாப்பும் இருக்கும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். எதைக் கேட்பது?"

விண்ணப்பிக்க முடியும். மகளிர் கேண்டிடேட் மாஸ்டருக்கு 2000, மகளிர் ஃபிடே மாஸ்டருக்கு 2100 என்ற ரேட்டிங்கை ஒருமுறை எட்டியிருந்தால் போதும். குறைந்தது 30 ரேட்டிங் ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்பதுதான் கூடுதல் நிபந்தனை. பிறகு இறங்கினாலும் அந்தத் தகுதி போய்விடாது. இறக்கத்தைப் பற்றியும் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 18 வயதுக்குட்பட்டு 2300க்குக் கீழே இருப்பவர்களுக்கு ரேட்டிங் கணக்கில் பெருக்கும் எண் 40 என்பதால், தனக்குச் சமமான ஒருவரிடம் தோற்றால் ஒரே ஆட்டத்தில் 20 புள்ளிகள் போகும், வென்றால் அதே 20 வரும். உங்கள் மகள் இழந்திருப்பது ஏறத்தாழ நான்கு தோல்விகளின் விலை; ஒரு நல்ல போட்டியில் அது திரும்பிவிடும்.

ஆனால் முடியும் என்பதாலேயே விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பட்டத்துக்குக் கட்டணம் உண்டு, விண்ணப்பமும் தேசியக் கூட்டமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் வர வேண்டும் என்று உங்கள் மகளே ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள். அந்த வயதில் அது தரும் உற்சாகத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். இல்லையென்றால் அந்தப் பணத்தை ஆண், பெண் எல்லோரும் சேர்ந்து ஆடும் ஒரு பெரிய ஓப்பன் போட்டிக்கான பயணச் செலவுக்கு வைத்துக்கொண்டு 2100க்குக் காத்திருங்கள். பெரிய பட்டங்களுக்கு, ஒரு போட்டி முழுவதும் குறிப்பிட்ட தரத்தில் ஆடிக் காட்டியதற்கான சான்றான நார்ம்களைச் சேர்க்க வேண்டும். எதிராளிகளின் பட்டங்களையும் எண்ணும் அந்த நார்ம் கணக்கில் கேண்டிடேட் மாஸ்டர், மகளிர் கேண்டிடேட் மாஸ்டர் ஆகிய இரண்டு பட்டங்களும் பட்டமாகவே எண்ணப்படுவதில்லை, மகளிர் ஃபிடே மாஸ்டரிலிருந்துதான் எண்ணப்படும் என்பதே இதற்குக் காரணம்.

இனி பயிற்சியாளர் சொன்னதைப் பார்ப்போம். எண்களைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. மகளிர் இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு 2200 ரேட்டிங்கும் 2250 அளவில் ஆடிக் காட்டிய நார்ம்களும் வேண்டும். மகளிர் கிராண்ட்மாஸ்டருக்கு 2300 ரேட்டிங்கும் 2400 அளவிலான நார்ம்களும் வேண்டும். இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு அதுவே 2400, 2450. கிராண்ட்மாஸ்டருக்கு 2500, 2600. ஆக, மகளிர் கிராண்ட்மாஸ்டர் என்பது இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு ஒரு படி கீழே இருக்கும் பட்டம்தான். ஆனால் ஒன்றை வாங்கினால் மற்றொன்றின் கதவு அடைபடும் என்பது போல அவர் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னை ஆர். வைஷாலி 2018இல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனார், 2021இல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார், 2023 டிசம்பரில் ஸ்பெயினில் 2500ஐக் கடந்து கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டினார். நாக்பூர் திவ்யா தேஷ்முக்கும் 2021இல் மகளிர் கிராண்ட்மாஸ்டர், 2023இல் இன்டர்நேஷனல் மாஸ்டர் என்று ஏறிவந்தவர்தான். 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பதுமியில் கோனேரு ஹம்பியை வென்று மகளிர் உலகக் கோப்பையைக் கைப்பற்றியபோது, நார்ம் சேர்க்கும் வழியில் அல்லாமல் நேரடியாகவே கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பெற்றார். இடையில் வந்த மகளிர் பட்டங்கள் இவர்களில் யாரையும் தடுத்து நிறுத்தவில்லை.

திவ்யா இந்தியாவின் 88ஆவது கிராண்ட்மாஸ்டர். அந்த 88 பேரில் பெண்கள் நான்கே பேர்: ஹம்பி, ஹரிகா, வைஷாலி, திவ்யா. திறமைக் குறைவுதான் காரணம் என்று இந்த எண்ணைக் காட்டிச் சொல்பவர்கள், ஆட வருகிற பெண்களின் எண்ணிக்கையை எண்ணிப் பார்ப்பதில்லை. ஜெர்மனி ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கை வைத்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முன்னணியில் இருக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான வித்தியாசத்தின் மிகப் பெரும்பகுதியை, ஆடுவோரின் எண்ணிக்கையில் உள்ள வித்தியாசமே விளக்கிவிடுகிறது என்று காட்டியது. அந்த முடிவை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் ஒன்பது வயதுப் பிரிவில் வரிசையாக உட்கார்ந்திருந்த சிறுமிகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புக்குப் பிறகும் அரங்குக்கு வருகிறார்கள் என்பதை நடுவர் மேசையிலிருந்து ஆண்டுதோறும் பார்க்கிறவன் நான். அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு இன்டர்நேஷனல் மாஸ்டர் நான்கைந்து ஆண்டு தொலைவில் இருக்கும். அதுவரை வீட்டில் "இதனால் என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு பட்டம் இருந்தால், அவள் இன்னும் இரண்டு ஆண்டு ஆடுவாள். மகளிர் பட்டங்களால் எனக்குத் தெரிந்த முதல் பயன் இதுதான், இது சிறிய பயனும் அல்ல. மேலும், பல ஓப்பன் போட்டிகளில் மகளிர் கிராண்ட்மாஸ்டருக்கும் மகளிர் இன்டர்நேஷனல் மாஸ்டருக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆண்டுக்கு ஆறேழு போட்டி ஆடும் குடும்பத்துக்கு அது கையில் நிற்கும் பணம்.

வீட்டுப் பெரியவர்களின் யோசனையைத்தான் நான் அதிகம் மறுக்க வேண்டியிருக்கிறது. பெண்களுக்கான மாநில, தேசியப் போட்டிகளை விடக் கூடாது. இந்திய அணிக்கான வழி அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அவற்றை மட்டுமே ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு கசப்பான சாட்சி இருக்கிறது. பெண்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடியதால் அவர்களுடைய ரேட்டிங் ஆண்களின் ரேட்டிங்கோடு ஒத்துப்போகவில்லை என்று கருதிய ஃபிடே, 1987 ஜனவரிப் பட்டியலில் பெண்கள் அனைவருக்கும் 100 புள்ளிகளைக் கூட்டியது. ஹங்கேரியின் சூசன் போல்கருக்கு மட்டும் கூட்டவில்லை, ஏனென்றால் அவர் பெரும்பாலும் ஆண்களோடு ஆடியவர். ஒரே முடிவில் அவரிடமிருந்த முதலிடமும் பறிபோனது. அது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அவர் பொதுப் போட்டிகளை விடாமல் ஆடி, 1991இல் ஆண்களைப் போலவே நார்ம்களைச் சேர்த்துக் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதே ஆண்டு அவருடைய தங்கை ஜூடித்தும் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகி, பின்னாளில் உலகத் தரவரிசையில் எட்டாம் இடம்வரை போனார்.

ஆண்களோடு ஆடும் அந்த அரங்கின் கதவைத் திறக்க நம் நாட்டிலும் போராடியிருக்கிறார்கள். மும்பையைச் சேர்ந்த ரோகிணி காடில்கர் 1976இல் ஆண்களுக்கான தேசியப் போட்டியில் ஆட வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது, விவகாரம் நீதிமன்றம்வரை போனது. அன்றைய ஃபிடே தலைவர் மாக்ஸ் யூவே, தேசிய, சர்வதேசப் போட்டிகளில் பெண்களைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அப்படித் திறந்த கதவு உங்கள் மகளுக்காகவும் திறந்ததுதான். என் கணக்கில், மூன்று போட்டி ஆடினால் அதில் இரண்டு ஓப்பனாக இருக்க வேண்டும். பாதுகாப்பு குறித்த கவலை நியாயமானது. அதற்கு வழி, இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பயணம் செய்வதும், அரங்குக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுப்பதும்தான்.

நார்முக்கும் ஓப்பன்தான் வசதி. ஏன் என்பதை ஓர் அனுபவத்தோடு சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் 16 வயதுப் பெண் ஒருத்தி ஒன்பது சுற்றில் ஐந்தரைப் புள்ளி எடுத்தாள். எதிராளிகளின் சராசரி 2176. ஐந்தரைக்கு ஃபிடே அட்டவணை தரும் கூடுதல் 80, ஆக 2256. மகளிர் இன்டர்நேஷனல் மாஸ்டர் நார்முக்குத் தேவை 2250. அவளுடைய அப்பா இனிப்புப் பெட்டியோடு என் மேசைக்கு வந்துவிட்டார். நான் எதிராளிகளின் பட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணினேன். பாதிப் பேராவது பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும், அதாவது ஒன்பதில் ஐந்து பேர். நான்கு பேர்தான் தேறினார்கள். ஐந்தாவதாக அவர்கள் எண்ணி வைத்திருந்தவர் கேண்டிடேட் மாஸ்டர். நார்ம் இல்லை என்று சொன்னபோது அந்தப் பெண் அழவில்லை, ஸ்கோர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கடைசிச் சுற்றுக்கு முன்பே யாராவது எண்ணிப் பார்த்திருந்தால் அந்த ஏமாற்றமாவது இருந்திருக்காது என்பது இன்றும் என் மனத்தில் இருக்கிறது.

பட்டம் பெற்ற அந்தப் பாதியிலும் மூன்று பேராவது மகளிர் இன்டர்நேஷனல் மாஸ்டரோ அதற்கு மேற்பட்டவரோ ஆக இருக்க வேண்டும். மகளிர் கிராண்ட்மாஸ்டர் நார்ம் என்றால், மகளிர் கிராண்ட்மாஸ்டர், இன்டர்நேஷனல் மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர் ஆகியோரில் மூன்று பேர் வேண்டும். பொதுவாக வேறு இரண்டு நாடுகளைச் சேர்ந்தவர்களோடும் ஆடியிருக்க வேண்டும். குறைந்தது மூன்று வெளிநாடுகளிலிருந்து 20 ரேட்டிங் ஆட்டக்காரர்கள் வந்து, அவர்களில் 10 பேர் உயர் பட்டம் பெற்றவர்களாகவும் இருந்தால் அந்தப் போட்டியில் இந்த நிபந்தனை தளர்த்தப்படும். வெளிநாட்டவர் திரளாக வரும் சென்னை, டெல்லி ஓப்பன் போன்றவற்றை நான் பரிந்துரைப்பது இதனால்தான். பட்டத்துக்கு மொத்தம் 27 ஆட்டங்களை உள்ளடக்கிய நார்ம்கள் வேண்டும். ஒன்பது சுற்றுப் போட்டிகளில் அது மூன்று நார்ம். ஒரு நார்முக்கு ஒன்பது ஆட்டம் தேவை என்பதால், பள்ளித் தேர்வுக்காக ஒன்பது சுற்றுப் போட்டியில் ஒரு சுற்றுக்கு அரைப்புள்ளி பை எடுத்தால் (ஆடாமலே அரைப்புள்ளி வாங்கிக்கொண்டால்) அந்தப் போட்டியில் நார்ம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே நார்முக்கான போட்டிகளைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் சுற்று முடிந்ததும் உங்கள் மகளையே ஒரு தாளில் எதிராளியின் பெயர், பட்டம், நாடு, ரேட்டிங் என்று நான்கு கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். நார்ம் கிடைத்துவிட்டால், நடுவர் கையெழுத்திட்ட சான்றிதழை அரங்கிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கி, பெயரின் எழுத்தும் ஃபிடே எண்ணும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.