சுவரை நம்பாதீர்கள், நூலை நம்புங்கள்

கேள்வி: எங்கள் புது வீட்டு ஹாலில் கொத்தனார் ஒரு மூலையில் தொடங்கி, சுவரை ஒட்டியே டைல்ஸ் பதித்துக்கொண்டு போனார். எதிர்ச்சுவரை அடைந்தபோது, ஒரு முனையில் இரண்டு அங்குலமும் மறுமுனையில் ஓர் அங்குலமுமாகக் கோணல் துண்டு வைக்க வேண்டியதாயிற்று. அடுத்து, 10 அடி 4 அங்குல அகலமுள்ள படுக்கையறைக்கு 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் வாங்கியிருக்கிறோம். அங்கும் இப்படி ஆகாமலிருக்க என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பூச்சு முடிந்த அறையில் நான்கு மூலைகளும் மூலைமட்டத்துக்குச் (செங்கோணம் பார்க்கும் கருவி) சரியாக நிற்பது அரிது. முதல் வரிசையைச் சுவரோடு ஒட்டி வைத்தால், அந்தச் சுவரின் கோணல் வரிசைக்கு வரிசை தொடர்ந்து எதிர்ப்பக்கத்தில் போய் வெளிப்படும். எனவே, கலவை குழைப்பதற்கு முன்பே தரையில் கோடு போட்டுவிடச் சொல்லுங்கள்.

எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளைக் குறித்து, சாயப்பொடி தடவிய நூலை இழுத்துக் கட்டிச் சுண்டினால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதற்குக் குறுக்காக இரண்டாவது கோடு போட வேண்டும். இரண்டும் வெட்டும் இடத்திலிருந்து அகலவாக்குக் கோட்டில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் அளந்து குறித்தால், அந்த இரு குறிகளுக்கும் இடைத்தூரம் மிகச்சரியாக 5 அடி இருக்க வேண்டும். கால் அங்குலம் பிசகினாலும் குறுக்குக் கோட்டைத் திருத்தியே ஆக வேண்டும். சிறிய மூலைமட்டத்தை மட்டும் வைத்துப் பார்ப்பதைவிட இந்த அளவு நம்பகமானது.

இனி கணக்கு. உங்கள் அறையின் அகலம் 3,150 மி.மீ. டைல் 600, டைல்களுக்கு நடுவே சம இடைவெளிக்காகச் செருகும் ஸ்பேசர் 3, சுவரோரம் விரிவுக்காக விட வேண்டிய இடைவெளி 6 மி.மீ. என்று கொண்டால், ஓரத்திலிருந்து தொடங்கும்போது ஐந்து முழு டைல்களுக்குப் பிறகு சுமார் 12 செ.மீ. துண்டு மிஞ்சும். அதையே நடுவில் நான்கு முழு டைல்களை வைத்துத் தொடங்கினால், இருபுறமும் சுமார் 36 செ.மீ. துண்டுகள் சமமாக அமையும். அரை டைலுக்குக் குறைந்த துண்டு கண்ணில் படும் ஓரத்தில் வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு வரிசையைக் கலவையில்லாமல், ஸ்பேசரோடு வெறுமனே பரப்பிப் பார்த்தால் இது நேரிலேயே தெரிந்துவிடும்.

மற்றொன்று, அறைக்குள் நுழைகிறவரின் பார்வை முதலில் வாசற்காலின் அடியில்தான் விழும். அங்கே முழு டைல் வரும்படி நீளவாக்குக் கோட்டைச் சற்று நகர்த்தி, வெட்டுத் துண்டுகளைக் கட்டில், பீரோ பக்கம் தள்ளிவிடலாம். ஹாலின் இணைப்புக் கோடுகளோடு இவை ஒத்துப்போகாவிட்டால், நிலைப்படியில் ஒரு கிரானைட் பட்டையைப் பதித்துவிடுங்கள்.

கேள்வி: குளியலறையில் டைல்ஸ் பதிக்கும்போதே கலவையைக் கூட்டிக் குறைத்து வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) கொடுத்துவிடலாம் என்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். வாட்டத்தை அடித்தளக் காரையிலேயே கொடுத்துவிட வேண்டும். டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) நான்கு சுவர்களிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, அதிலிருந்து கீழ்நோக்கி அளந்து, தண்ணீர் வெளியேறும் துவாரத்தை நோக்கி மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. வரை தாழ்வு இருக்குமாறு குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ஓரடி டைலே வசதி. பெரிய டைல் பல திசைகளில் சரியும் தரைக்கு வளைந்து கொடுக்காது.